முதல் பெஞ்சுத் தலை

எங்களுக்கு வகை நுண்கணிதம் நடத்தியது யார் என்று கல்லூரிப் பதிவேட்டைப் பார்த்தால் ஒரு வாத்தியாரின் பெயர் இருக்கும். அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நடத்தியது முதல் பெஞ்சில் எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தவனின் தலை. அது மேலும் கீழும் இரண்டு தடவை அசைந்தால் ஒரு சூத்திரம் முடிந்தது. மூன்று தடவை அசைந்தால் ஒரு தேற்றமே முடிந்தது. வாத்தியார் டஸ்டரை எடுத்துப் பலகையைத் துடைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். மீதி முப்பத்தேழு பேரும், துடைத்துப் போட்டதை இனி எங்கே போய்த் தேடுவது என்று தெரியாமல் ஒருவர் நோட்டை ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்போம்.

அவன் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் எங்கேயாவது உட்கார்ந்து இதையும் படித்துவிட்டுத் தலையை ஆட்டுவான். அந்தக் காட்சியை இந்த வயதில் என்னால் தாங்க முடியாது.

எழுபதுகளின் தொடக்கம் அது. கருவேலங்காட்டைத் திருத்திக் கல்லூரி கட்டி, சுண்ணாம்பு காய்வதற்குள் எங்களைச் சேர்த்துக்கொண்டார்கள். பட்டப்படிப்பைத் தமிழிலேயே படிக்கலாம் என்று சர்க்கார் வழி செய்திருந்த காலம். கணிதப் பிரிவில் நாங்கள் எல்லோரும் தமிழ்வழி. இதில் ஒரே ஒரு சங்கடம், புரியவில்லை என்றால் இங்கிலீஷைக் குறை சொல்லித் தப்பிக்க வழியில்லை. தாய்மொழியிலேயே சொல்லியும் புரியவில்லை என்று எழுந்து நிற்பதற்கு எங்களில் எவனுக்கும் தைரியம் கிடையாது. எனக்காவது வீட்டில் தெலுங்கு என்ற ஒரு சாக்கு இருந்தது. அதைச் சொன்னால் இன்னும் சிரிப்பார்கள் என்று அதையும் சொல்லவில்லை.

என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். அப்பா அருப்புக்கோட்டையில் தறி நெய்கிறவர். அண்ணன் கல்யாணம் செய்துகொண்டு தனியாகப் போனதில் வீட்டில் ஒரு தறி சும்மா கிடந்தது. முதல் வருடத்தில் எல்லாத் தாளிலும் தேறினால் மேலே படிக்கலாம், ஒன்றில் போனாலும் அந்தத் தறியில் வந்து உட்கார வேண்டும் என்பது அப்பாவின் ஒப்பந்தம். அதற்குப் பிறகு அவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தினமும் காலையில் அந்தத் தறியைத் துணியால் துடைத்து வைப்பார். நான் கல்லூரிக்குக் கிளம்பும் நேரமாகப் பார்த்துத்தான் துடைப்பார்.

தமிழ், இங்கிலீஷ், இயற்கணிதம் எல்லாம் எப்படியாவது தேறிவிடலாம். பயமெல்லாம் இந்த நுண்கணிதத்தின் மேல்தான். அந்தப் பயத்துக்கும் எனக்கும் நடுவில் இந்தத் தலை ஆடிக்கொண்டிருந்தது.

வாத்தியாரைப் பற்றியும் கொஞ்சம். அவருக்கு எங்களைவிட ஐந்து வயது கூட இருந்தால் அதிகம். முதல் வேலை. ஆற்றுப்பாசனமுள்ள ஊர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். ஒரு அளவு மாறும் வேகத்துக்கு உதாரணம் சொல்ல வேண்டுமென்றால், ஆற்றில் புதுவெள்ளம் வந்து நீர்மட்டம் மணிக்கு மணி ஏறுவதைச் சொல்வார். எங்கள் பக்கத்தில் ஆறு என்றால் மணல் அள்ளும் இடம். முப்பத்தேழு முகங்களும் அந்த மணலைப் போலவே வறண்டிருப்பதைப் பார்த்து மனுசனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பற்றிக்கொள்ள ஏதாவது கிடைக்குமா என்று கண் அலையும். முதல் பெஞ்சில் ஒரு தலை மெதுவாக அசையும். அவ்வளவுதான், அவருக்கு உயிர் வந்துவிடும். பிறகு மணி அடிக்கும் வரை அந்த ஒரு ஆளுக்காகவே பேசுவார்.

அந்த ஆட்டத்தில் வகைகள் உண்டு. வரையறைக்குத் தாடை மட்டும் ஒரு அங்குலம் இறங்கி ஏறும். ‘எனவே’ என்று வாத்தியார் சொன்னால் தலை ஒரு பக்கமாகச் சாயும். நிரூபணம் முடிகிற இடத்தில் கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு, தொண்டைக்குள் ‘ம்’ என்று ஒரு ஓசையோடு, நிதானமாக மூன்று ஆட்டம். அந்த ‘ம்’ பக்கத்தில் இருக்கும் எனக்கு மட்டும் கேட்கும். எப்சிலான் என்றும் டெல்டா என்றும் இரண்டு கிரேக்க எழுத்துகளை வைத்துத் தொடர்ச்சிக்கு ஒரு வரையறை இருக்கிறது. அதைப் படித்துவிட்டுத் தூக்கம் கெட்டவர்கள் உலகத்தில் ஏராளம். எங்கள் வகுப்பில் அது இருபது நிமிடத்தில் முடிந்தது. மூன்று ஆட்டம், ஒரு ‘ம்’, டஸ்டர்.

வகுப்பு முடிந்ததும் நாங்கள் அவனைச் சூழ்ந்துகொள்வோம். எப்சிலான் என்றால் என்னடா என்று கேட்டால் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்ப்பான். பிறகு, “எனக்குச் சொல்லத் தெரியலலே. அவுக சொன்னாகல்ல, அதேதான்” என்பான். அதேதான் என்ன என்று தெரியாமல்தானே உன்னைக் கேட்கிறோம் என்று பாலவனத்தம் கிராமத்திலிருந்து வருகிற என் சேக்காளி பல்லைக் கடிப்பான். இதற்கு மேல் சாட்சி எதற்கு. அவனுக்கும் ஒன்றும் புரியவில்லை, எங்களுக்காவது வெட்கம் இருக்கிறது, இவனுக்கு அதுவும் இல்லை என்று முடிவு கட்டினோம். சோதித்துப் பார்க்கவும் வழியில்லாமல் போயிற்று. வாத்தியார் ஒரு பரீட்சை வைத்தார். திருத்த எடுத்துப் போன தாள்களைச் சணல் கயிற்றில் கட்டித் தன் பையிலேயே வருடம் முழுக்கச் சுமந்தார். திருத்தினால் தெரியவரப் போவது என்ன என்று அவருக்கும் ஒரு பயம் இருந்திருக்கும்.

அவன் ஊர் திருச்சுழிக்குத் தெற்கே. மூன்று மைல் நடந்து வந்து பஸ் பிடிக்க வேண்டும். தை மாதம் பருத்தி எடுக்கிற சமயத்தில் என்னையும் பாலவனத்தத்துக்காரனையும் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போனான். அங்கேதான் இந்த நோயின் வேர் எங்களுக்குத் தெரிந்தது.

அவனுடைய அம்மா கம்பஞ்சோறு போட்டுக்கொண்டே மகனின் பெருமையைச் சொன்னார். அந்த ஊரில் ஆடி ஆவணி வரைக்கும் மழை இல்லையென்றால் கோயில் முன்னால் உட்கார்ந்து மழைக்குக் கதை படிப்பார்களாம். படிக்கிறவர் ஒவ்வொரு அடியை முடிக்கும்போதும் கேட்கிறவர்கள் உம் கொட்ட வேண்டும். கொட்டாமல் விட்டால் படித்தவர் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார், மழையும் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

“ஊருல அத்தனை பேரும் சுவத்துல சாஞ்சு தூங்கிருவாக தம்பி. எம்மவன் ஒருத்தன்தான் பத்து வயசுல இருந்து கடைசி அடி வரைக்கும் கொட்டுவான். இவன் மொகத்தப் பாத்துத்தான் படிக்கிறவுக படிப்பாக.”

மழை பெய்ததா என்று பாலவனத்தத்துக்காரன் கேட்டான். சில வருசம் பெய்தது என்றார் அந்த அம்மா. எங்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. இவன் கணக்குப் படிக்க வரவில்லை, உம் கொட்ட வந்திருக்கிறான். நுண்கணிதத்தையும் மழைக்கதையாக நினைத்துத்தான் இந்த ஆட்டு ஆட்டுகிறான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இதில் அவன் முகத்தை நான் பார்க்கவே இல்லை என்பது இப்போது நினைவுக்கு வருகிறது.

அன்று சாயங்காலமே இன்னொரு சாட்சியும் கிடைத்தது. திருச்சுழியிலிருந்து விவசாய அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து பள்ளிக்கூட வராந்தாவில் கூட்டம் போட்டார். புதுப் பருத்தி விதை, அதற்கு இத்தனை உரம், இத்தனை நாளுக்கு ஒரு தண்ணீர் என்று அட்டவணையை மாட்டிப் பேசினார். ஊர்க்காரர்கள் துண்டால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். முன்னால் உட்கார்ந்திருந்த நம் ஆள் ஆட்டினான். அதிகாரி மெல்ல மெல்ல அவன் பக்கமாகத் திரும்பி, கடைசியில் அவன் ஒருத்தனுக்காகவே அட்டவணையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு விளக்கினார். கிளம்பும்போது அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

திரும்பி நடக்கும்போது, அந்த விதையைப் போடப் போகிறீர்களா என்று அவனைக் கேட்டேன். இல்லை என்றான்.

“பெறகு ஏன்லே அந்த ஆட்டு ஆட்டுன?”

“அவரு சொன்னது சரியாத்தான இருந்துச்சு. தண்ணி பாச்சுற நெலத்துக்கு அதுதான் கணக்கு. நம்மளது மானாவாரி.”

எவ்வளவு நியாயமான பதில். நாங்கள் அதைக் கேட்டு அருப்புக்கோட்டை வரும்வரை பஸ்ஸில் சிரித்தோம். ஜீப் போட்டு வந்த மனுசனை நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டான் பார் என்று பாலவனத்தத்துக்காரன் கண்டக்டரிடமே சொன்னான். அந்த வருடத் தேர்தல் சமயத்தில் இரண்டு கட்சிக் கூட்டத்துக்கும் போய் இரண்டிலும் ஆட்டியவன் இவன். எதிரெதிராகப் பேசின இரண்டு பேச்சாளர்களும் மேடையை விட்டு இறங்கியதும் நேராக இவனிடம் வந்து கையைப் பிடித்தார்கள். இப்படிப்பட்ட ஒரு ஆளை எந்தக் கணக்கில் சேர்ப்பது.

தை முடிவதற்குள் வாத்தியார் சராசரி மதிப்புத் தேற்றத்துக்கு வந்துவிட்டார். ஏப்ரலில் பரீட்சை. போர்ஷனை இவ்வளவு சீக்கிரம் முடிக்கிற ஆள் இவர்தான் என்று துறைத் தலைவர் மற்ற வாத்தியார்களிடம் சொல்லிக்காட்டியதாகக் கேள்வி. அவர் நடையே மாறிவிட்டது. சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வர ஆரம்பித்தார். எனக்கோ இன்னும் முதல் அத்தியாயமே முடியவில்லை. வகைக்கெழு என்ற சொல்லை அழகாக எழுதுவேன், அதற்கு அர்த்தம் கேட்டால் சொல்லத் தெரியாது. வீட்டில் அப்பா தறிக்கு எண்ணெய் போட ஆரம்பித்திருந்தார்.

கல்லூரி வாசல் டீக்கடையில் கூட்டம் போட்டோம். வாத்தியாரிடம் போய் மெதுவாக நடத்துங்கள் என்று சொல்லலாம் என்று ஒருவன் சொன்னான். யார் சொல்வது என்று கேட்டதும் அவனே டீயை உறிஞ்ச ஆரம்பித்துவிட்டான். கடைசியில் பாலவனத்தத்துக்காரன்தான் வழி கண்டுபிடித்தான். வாத்தியாரை மாற்ற வேண்டாம், தலையை நிறுத்தினால் போதும்.

அவனைக் கூட்டிவந்து நடுவில் உட்கார வைத்தோம். நீ ஆட்டுவதால்தான் அவர் ஓடுகிறார், நாங்கள் எல்லாரும் பெயிலாகப் போகிறோம், ஒரு வாரம் ஆட்டாமல் இரு என்று ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்தோம். எனக்குத் தறி காத்திருக்கிறது என்று நானும் சொன்னேன். அதுதான் அவனைத் தொட்டது போலிருக்கிறது. என்னைப் பார்த்தான்.

“நான் ஆட்டலைன்னா அவுக கேப்பாகல்ல, புரியலையான்னு. அப்ப நீங்க சொல்லுவீகளா?”

சொல்லுவோம் என்றோம். எல்லாரும் ஒரே குரலில் சொன்னோம். அவன் சரியென்று தலையை ஆட்டினான்.

மறுநாள் சராசரி மதிப்புத் தேற்றம். வாத்தியார் உற்சாகமாக ஒரு வளைகோட்டைப் போட்டார். அதன் இரண்டு முனைகளையும் ஒரு நேர்கோட்டால் சேர்த்தார். நடுவில் எங்காவது ஒரு புள்ளியில் வளைகோட்டின் தொடுகோடு இந்த நேர்கோட்டுக்கு இணையாக இருந்தே தீரும் என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல முதல் பெஞ்சைப் பார்த்தார்.

அவன் முழங்கையைப் பெஞ்சில் ஊன்றி, தாடையைக் கையால் இறுக்கிப் பிடித்திருந்தான். தலை அசையவில்லை.

வாத்தியார் சிரித்தார். பலகையைத் துடைத்துவிட்டு இன்னும் பெரிதாக வளைகோட்டைப் போட்டார். ஆற்று வெள்ளத்தை ஒரு தடவை கொண்டுவந்தார். மறுபடி அந்தத் தாடையைப் பார்த்தார். ஒன்றும் இல்லை. மூன்றாவது தடவை போடும்போது சாக்பீஸ் ஒடிந்து விழுந்தது. குனிந்து எடுத்தவர் நிமிர்ந்து, “புரியலையா?” என்று கேட்டார். குரல் அவனுக்கு மட்டும்தான். பக்கத்திலிருந்த எனக்கு அவன் தொண்டைக்குள் ‘ம்’ என்று ஒரு ஓசை எழும்பி அடங்கியது கேட்டது. வாக்குக் கொடுத்துவிட்டான், அதனால் வாயைத் திறக்கவில்லை.

அப்போதுதான் வாத்தியார் அந்த வருடத்தில் முதல் தடவையாக எங்கள் எல்லாரையும் பார்த்துக் கேட்டார். யாருக்குப் புரியவில்லை, கையைத் தூக்குங்கள், நான் திரும்பச் சொல்கிறேன் என்றார். அதட்டவில்லை, கெஞ்சுகிறமாதிரி கேட்டார்.

இதற்காகத்தானே டீக்கடையில் கூட்டம் போட்டோம். பாலவனத்தத்துக்காரன் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினான். எனக்கு முன்னால் நோட்டில் ஒரு எறும்பு போனது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தேழு பேரில் ஒரு கை எழவில்லை. வலப்பக்கம் திரும்பாமலே, மிகத் தாழ்ந்த குரலில், “தூக்குலே” என்று அவன் என்னிடம் சொன்னான். நான் எறும்பைப் பார்த்தேன்.

புரிந்தது என்று ஆட்டவும் ஆளில்லை, புரியவில்லை என்று கை தூக்கவும் ஆளில்லை. அந்த மனுசன் என்னதான் செய்வார். நாற்காலியில் உட்கார்ந்து கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். கைக்குட்டையில் சாக்பீஸ் பொடி இருந்திருக்கிறது. கன்னமெல்லாம் வெள்ளையாக, மணி அடிக்கும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் அவன் எங்களைப் பார்த்து, “அவுக மொகமே செத்துப்போச்சுலே” என்றான். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டான். கோபப்படத் தெரிந்தவனாக இருந்தால் அன்றைக்கு எங்களை நாலு சாத்து சாத்தியிருப்பான்.

அடுத்த நாளிலிருந்து வாத்தியார் எங்களுக்கு நடத்துவதை விட்டுவிட்டார். பலகையைப் பார்த்து நின்றுகொண்டு பலகைக்கு நடத்தினார். வகுப்புக்குள் வந்ததும் திரும்பி நிற்பார், எழுதுவார், எழுதியதை வாசிப்பார், துடைப்பார், மணி அடித்ததும் பலகையிடமே விடைபெற்றுக்கொண்டு போவதுபோல் வெளியேறுவார். வேகம் குறையவில்லை. பெருமம், சிறுமம், வளைவு ஆரம் எல்லாம் அவர் முதுகுக்குப் பின்னால் கிடந்த எங்களைத் தாண்டிப் போயின.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் திரும்பி நின்ற மறுநாளே நம் ஆள் மறுபடி ஆட்ட ஆரம்பித்துவிட்டான். அவர்தான் பார்க்கப்போவதில்லையே, ஆட்டிவிட்டுப் போகட்டும் என்று நாங்களும் விட்டுவிட்டோம். ஒரு முதுகைப் பார்த்து ஒருவன் தாடையை இறக்கி, சாய்த்து, மூன்று தடவை அசைத்து, ‘ம்’ போடுவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பின்பெஞ்சில் சிரிப்பை அடக்க முடியாமல் வாயில் கர்ச்சீப்பைத் திணித்துக்கொள்வார்கள்.

“யாருக்குலே ஆட்டுற? அவுகளுக்கு முதுகுலயா கண்ணு இருக்கு?” என்று பாலவனத்தத்துக்காரன் கேட்டான். அவன் கொஞ்சம் வெட்கப்பட்டுச் சிரித்தான். ஒருவன் யாருக்கும் தெரியாத இடத்தில் எதற்குத் தலையை ஆட்டுவான் என்று எங்களில் ஒருவனாவது யோசித்திருக்கலாம். நாங்கள் கணிதத் துறை மாணவர்கள். அதெல்லாம் எங்கள் போர்ஷனில் இல்லை.

ஏப்ரலில் பரீட்சை எழுதினேன். சராசரி மதிப்புத் தேற்றம் வந்திருந்தது. முதல் வரியும் கடைசி வரியும் எனக்கு மனப்பாடம். நடுவில் ஆறு தடவை ‘எனவே’ என்று எழுதி, ஒவ்வொன்றையும் அடிக்கோடிட்டேன். திருத்துகிறவர் அடிக்கோட்டுக்காவது மார்க் போடுவார் என்று ஒரு நப்பாசை.

அவர் போடவில்லை. ஜூனில் துறை வாசலில் பட்டியல் ஒட்டினார்கள். நுண்கணிதத்தில் எங்கள் வகுப்பில் தேறியவர்கள் மூன்று பேர். ஒருவன் ஏற்கெனவே வேறு கல்லூரியில் படித்துவிட்டு வந்தவன். இன்னொருவன் எப்படித் தேறினான் என்று அவனுக்கே தெரியாது. மூன்றாவது எண்ணுக்கு நேரே தொண்ணூற்று ஒன்று என்று இருந்தது. பட்டியல் தப்பு என்றுதான் முதலில் நினைத்தோம். பாலவனத்தத்துக்காரன் ஆபீஸ் வரைக்கும் போய், எண்ணை மாற்றி எழுதிவிட்டீர்கள் என்று குமாஸ்தாவிடம் சண்டை போட்டான். குமாஸ்தா பெரிய நோட்டை எடுத்து விரலை வைத்துக் காட்டினார். அது இடப்பக்கத்துத் தலையேதான்.

அன்று சாயங்காலம் அப்பா ஒன்றும் திட்டவில்லை. தறி தயாராக இருந்தது, உட்கார்ந்தேன். அக்டோபரில் இன்னொரு தடவை எழுதுவதென்றால் எழுதிக்கொள், அதிலும் போனால் பேச்சே இல்லை என்று தெலுங்கில் சொல்லிவிட்டு அவர் தறிக்குப் போய்விட்டார். அக்டோபரில் நான் தேறினேன். இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீங்கள் அதற்காகக் காத்திருப்பீர்கள். நான் சொல்ல வந்தது அது இல்லை.

அமாவாசையன்று எங்கள் தெருவில் தறி ஓடாது. ஆடி அமாவாசைக்கு அவன் வந்தான். மஞ்சள் பையில் புத்தகமும், அவர்கள் காட்டில் விளைந்த கொஞ்சம் மிளகாய் வற்றலும். அக்டோபருக்கு உனக்குச் சொல்லித் தரலாம் என்று வந்தேன் என்றான். எனக்கு வயிறு எரிந்தது. நன்றி சொல்வதற்குப் பதிலாக, இரண்டு மாதமாக உள்ளே கிடந்ததைத்தான் கேட்டேன்.

“ஒனக்குப் புரிஞ்சுச்சுன்னா ஏன்லே எங்ககிட்டச் சொல்லல?”

அவன் நிஜமாகவே ஆச்சரியப்பட்டான். நான் ஏதோ விளையாடுகிறேன் என்று நினைத்து முகத்தை உற்றுப் பார்த்தான்.

“தெனமும் தலையாட்டிக்கிட்டுத்தான இருந்தேன்.”

நான் அவனைப் பட்டிக்காட்டான் என்று நினைத்திருந்தேன், அதுதான் உண்மையான பதில். எனக்குப் புரியாத ஒன்று அவனுக்குப் புரிந்திருக்கும் என்று அந்த ஒரு வருடத்தில் ஒரு கணம்கூட எனக்குத் தோன்றியதில்லை. அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், தறிப் பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்து பென்சிலை எடுத்தான்.

சொல்லத் தெரியாது என்று சொன்னவன் நன்றாகவே சொன்னான். ஒரு வருடமாக யோசித்திருப்பான் போல. ஆற்றை விட்டுவிட்டு எங்கள் தெருக் கிணற்றை எடுத்துக்கொண்டான். போன மாதம் பத்துப் படி வெளியே தெரிந்தது, இந்த மாதம் பதிமூன்று தெரிகிறது, ஆக மாதத்துக்கு மூன்று படி தண்ணீர் இறங்குகிறது. அது மாதக் கணக்கு. நீ வாளியைப் போடுகிற இந்த நேரத்தில் என்ன வேகத்தில் இறங்குகிறது என்று கேட்டான். மாதத்தை வாரமாக்கினான், வாரத்தை நாளாக்கினான், நாளை மணியாக்கினான், மணியை நிமிடமாக்கினான். ஒவ்வொரு தடவையும் இறங்கிய அளவை ஆன நேரத்தால் வகுத்துக் காட்டினான். அதுவரை நான் கூடவே போனேன்.

“நேரத்தச் சுருக்கிக்கிட்டே போனா எறங்குன தண்ணியும் ஒண்ணுமில்லாமப் போகுது, ஆன நேரமும் ஒண்ணுமில்லாமப் போகுது. ஆனா வேகம் மட்டும் ஒண்ணுமில்லாமப் போகல. ஒரு எண்ணுகிட்ட வந்து நிக்குது. அதுதான் வகைக்கெழு.”

நான் தலையை ஆட்டினேன். இரண்டு தடவை, நிதானமாக. ‘ம்’ கூடப் போட்டேன்.

அவன் பென்சிலைக் கீழே வைத்தான்.

“இப்ப எதுக்கு ஆட்டுன?”

புரிந்தது என்றேன்.

அவன் தலை இடமும் வலமுமாக அசைந்ததை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

“இல்ல. இந்த எடத்துல யாருக்கும் ஒடனே புரியாது. எனக்கே நாலு நாள் ஆச்சு, நாலு நாளும் நான் ஆட்டல. புரியாம ஆட்டாதலே. சொல்றவன் நம்பிருவான்.”

உள்ளே அப்பா இருமுவது கேட்டது. அவர் காதில் விழுமே என்று ஒரு கணம் தயங்கினேன். பிறகு சொன்னேன், “புரியல.”

கல்லூரியில் கால் வைத்த நாளிலிருந்து நான் வாய்விட்டு அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. மெதுவாகத் தலையை ஆட்டிவிட்டு, பென்சிலைச் சீவிக்கொண்டு, மறுபடி கிணற்றின் பத்தாவது படியிலிருந்து ஆரம்பித்தான்.